பெட்டியில் பெரிய எண், தகட்டில் பெரிய ஓட்டை: வீட்டில் கார் வேலைக்கு முதல் வெல்டிங் மெஷின்

மழைக்காலம் முழுக்க காரின் ஓட்டுநர் பக்கத்தில் ஒரு ஈரவாடை. 1997 மாடல் மாருதி 800. இந்த வயதில் வாடை வராமல் இருந்தால்தான் அதிசயம் என்று விட்டுவிட்டேன். எஃப்.சி. காட்டும் நாள் நெருங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். தகட்டில் தாமரை இலை அகலத்துக்குத் துரு, நடுவில் கொப்புளம். ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாக அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கி நுனி உள்ளே போய்விட்டது. அந்த ஓட்டை வழியே போர்டிகோவின் சிமெண்ட் தரை தெரிந்தது.

டிங்கர் பட்டறையில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, ஃபைபர் ஒட்டி பட்டி பூசி மறைப்பது. இன்னொன்று, அழுகிய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பது. முதல் வழி ஆறு மாதம்கூடத் தாங்காது. இரண்டாவதற்குச் சொன்ன தொகையைக் கேட்டதும், ஏன் நாமே ஒரு மெஷின் வாங்கிக் கற்றுக்கொள்ளக் கூடாது என்று தோன்றிவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு எப்போதாவது வரும் கிறுக்குதான்.

வந்த கிறுக்கில் நேரே கடைக்குப் போய் ராடு என்கிற உருகும் குச்சியின் நுனியில் மின்பொறி எரிய வைத்து அடிக்கும் 200 ஆம்பியர் ஆர்க் மெஷின் ஒன்றை வாங்கி வந்தேன். "இதுல கேட்டும் அடிக்கலாம், கிரில்லும் அடிக்கலாம், கார் எல்லாம் ஒண்ணுமே இல்ல சார்" என்றார் கடைக்காரர். கேட்டும் கிரில்லும் அடிக்கலாம் என்பது உண்மை. காரில் வைத்த முதல் ராடு, சுண்டுவிரல் அளவு இருந்த ஓட்டையைக் கைப்பிடி அளவு ஆக்கியது. அந்த ஓட்டை எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால் எந்த மெஷின் வாங்குவது என்பதும் புரிந்துவிடும்.

வெல்டிங் என்பது இரும்பை இரும்போடு பசை போட்டு ஒட்டுவது இல்லை. இரண்டு தகட்டின் ஓரத்தையும் உருக்கி ஒரு சின்னக் குளமாக்கி, அந்தக் குளத்தை உறைய விடுவது. இரும்பு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். குளம் உருவாகும் அளவுக்குச் சூடு வேண்டும். குளத்துக்கு அடியில் இருக்கும் தகடும் சேர்ந்து உருகிக் கீழே கொட்டும் அளவுக்குப் போகக் கூடாது. கனமான இரும்பில் இந்த இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. மெல்லிய தகட்டில் அந்த இடம் ஒரு கண் சிமிட்டும் நேரம்தான்.

கார் பாடித் தகட்டின் கனம் பெரும்பாலும் 0.7 முதல் 1 மி.மீ. வரை. கேட்டுக்கு அடிக்கும் ஆங்கிளோ பட்டையோ 3 மி.மீ.க்குக் குறையாது, 5 மி.மீ.கூட இருக்கும். வெல்டர்கள் கையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: இரும்பின் கனத்தில் ஒரு மி.மீ.க்கு 40 ஆம்பியர். அதன்படி 3 மி.மீ. பட்டைக்கு 120 ஆம்பியர். 0.8 மி.மீ. தகட்டுக்கு? 32. கடையில் யாரைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற 6013 ராடு 2.5 மி.மீ. தடிமன், அது ஒழுங்காக எரியவே 60 ஆம்பியராவது வேண்டும், 90 வரை கேட்கும். 32 போதும் என்கிற இடத்தில் 60-ஐப் பாய்ச்சினால் ஓட்டை விழாமல் என்ன செய்யும்? குறைத்து வைத்தால் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ளும், பிடுங்குவோம், கூட்டுவோம், ஓட்டை விழும். அன்று மாலை முழுக்க இந்த வட்டத்திலேயே சுற்றினேன்.

அதனால் கார் வேலைக்கு மெஷின் பார்க்கப் போகிறவர் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்க்கவே வேண்டாம். பின்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் பொடி எழுத்தில் இருக்கும் சின்ன எண்ணைப் பாருங்கள். இந்த மெஷின் எவ்வளவு குறைவான ஆம்பியரில் அணையாமல் நிதானமாக எரியும் என்பதே கேள்வி. எவ்வளவு அதிகம் போகும் என்பது கேட் செய்கிறவர் கவலை.

எந்த வகை

பட்டறைப் பேச்சில் நான்கு வகை உண்டு: ராடு வெல்டிங் என்கிற ஆர்க், கேஸ் வெல்டிங், ஆர்கான் வெல்டிங், சி.ஓ.டூ வெல்டிங். கடைசி இரண்டும் பெட்டியில் டிக் என்றும் மிக் என்றும் எழுதியிருக்கும்.

ஆர்க் கதையைச் சொல்லிவிட்டேன். அதிலும் 1.6 மி.மீ., 2 மி.மீ. ராடுகள் கிடைக்கின்றன, கை பழகியவர்கள் அவற்றால் தகட்டில் அடித்தும் காட்டுவார்கள். முதல் மெஷின் வாங்குகிறவர் அவர்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கேஸ் வெல்டிங்தான் நம் ஊர் டிங்கர்களின் பழைய ஆயுதம். ஆக்சிஜனும் அசிட்டிலீனும் கலந்து எரியும் சுடரால் தகட்டை உருக்குவது. அம்பாசடர் காலத்து மேஸ்திரிகள் இதை வைத்துத் தையல்காரர் மாதிரி வேலை செய்வார்கள். ஆனால் சுடரின் சூடு பரந்து விழுவதால் தகடு அலையலையாக நெளியும். அதைச் சுத்தியலும் அடைகல்லுமாகத் தட்டி நேராக்குவது தனிக் கலை. அசிட்டிலீன் சிலிண்டரைக் குழந்தைகள் நடமாடும் போர்டிகோவில் நிறுத்தி வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வேண்டாம்.

ஆர்கான் வெல்டிங் அழகு. ஐந்து பத்து ஆம்பியரில்கூட எரியும், பொறி பறக்காது, தையல் போட்ட மாதிரி வரி விழும். ஆனால் ஒரு கையில் டார்ச், மறு கையில் இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பி, நல்ல மெஷின் என்றால் காலில் பெடலும் வேறு. மேஜையில் உட்கார்ந்து செய்ய அருமை. காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பெடலை எந்தக் காலால் மிதிப்பது? அதோடு துரு, தார், பழைய பெயிண்ட் இதில் எதன் வாடை பட்டாலும் அதற்கு ஆகாது. இவ்வளவு பழைய காரின் அடிப்பாகத்தில் அந்த அளவு சுத்தத்தை எங்கே போய்த் தேடுவது?

மிச்சம் இருப்பது மிக். டார்ச்சின் விசையை அழுத்தினால் சுருளிலிருந்து மெல்லிய கம்பி தானாகவே வரும். அதே கம்பிதான் மின்சாரத்தைக் கொண்டுவருகிறது, அதே கம்பிதான் உருகி இணைப்பில் சேர்கிறது. கம்பியைச் சுற்றி டார்ச் வாயிலிருந்து வரும் வாயு, உருகிய குளத்தில் காற்றுப் படாமல் குடை பிடிக்கிறது. ஒரு கை போதும். அரை நொடி அழுத்தி விடலாம், மறுபடி அழுத்தலாம். மெல்லிய தகட்டுக்கு இந்த அரை நொடிதான் உயிர். குளம் உருவானதும் விட்டுவிடுகிறீர்கள். ஓட்டை விழும் முன் அது உறைந்துவிடுகிறது.

மிக் முறை 1948-இல் வந்தபோது அலுமினியத்துக்கானது. விலை உயர்ந்த மந்த வாயுக்கள் வேண்டியிருந்தது. 1950-களில் கார்பன் டை ஆக்சைடு வைத்தே இரும்பை அடிக்கலாம் என்று ஆன பிறகுதான் சாதாரணப் பட்டறைக்கு எட்டும் விலையில் வந்தது. நம் பட்டறைகளில் இன்றும் சி.ஓ.டூ வெல்டிங் என்றே சொல்கிறார்கள். கடையில் மிக் என்று கேட்டுப் புரியாவிட்டால் இந்தப் பெயரில் கேளுங்கள்.

பாடி வேலைக்கு மிக் பொருந்த இன்னொரு காரணமும் உண்டு. தொழிற்சாலையில் பாடித் தகடுகளைப் பொட்டுப் பொட்டாக ஸ்பாட் வெல்டிங்கில் இணைக்கிறார்கள். பழைய தகட்டைக் கழற்ற அந்தப் பொட்டுகளை டிரில் போட்டு எடுக்க வேண்டும். புதுத் தகட்டை வைக்கும்போது மேல் தகட்டில் மட்டும் 6 மி.மீ. அளவில் துளை போட்டு, கீழ்த் தகட்டோடு அழுத்திப் பிடித்து, துளைக்குள் மிக் டார்ச்சை வைத்து நிரப்பினால் ஸ்பாட் வெல்டிங்குக்கு ஈடான பிடிப்பு கிடைக்கும். பிளக் வெல்டு என்பார்கள். தொடக்கக்காரருக்கு ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதைவிட இது எளிது.

"கேஸ் இல்லாத மிக்" என்னும் கண்ணி

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இணையக் கடைகளில் மலிவாக வரும் மிக் மெஷின்கள் பல, சிலிண்டர் தேவையில்லை என்று விளம்பரம் செய்கின்றன. பொய் இல்லை. அவற்றில் போடும் ஃபிளக்ஸ் கோர் கம்பியின் நடுவில் பொடி இருக்கும். அது எரிந்து தன் வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆர்க் ராடின் மேல் பூச்சை உள்ளே திணித்த மாதிரி. வெட்டவெளியில், காற்றடிக்கும் இடத்தில், கனமான இரும்பில் நன்றாக வேலை செய்யும். ஆனால் சாதாரணமாகக் கிடைப்பது 0.8 மி.மீ. தடிமனில், சூடு அதிகம், பொறி அதிகம், ஒவ்வொரு முறையும் கசடைத் தட்ட வேண்டும். 1.2 மி.மீ.க்கு மேல் உள்ள தகட்டில் சமாளிக்கலாம். மாருதியின் தரைத் தகட்டில் மறுபடியும் ஓட்டை ஆட்டம்தான்.

சிலிண்டர் வாங்கப் பணம் இப்போது இல்லை என்றால், கேஸ் இல்லாமல் தொடங்கிப் பிறகு மாறிக்கொள்ளலாம். அதற்கு மெஷின் இடம் கொடுக்க வேண்டும். பின்பக்கம் கேஸ் குழாய் மாட்டும் முனை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே துருவமுனையை மாற்ற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்: வாயுவோடு அடிக்கும் சாதாரணக் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவில் இருக்க வேண்டும், பொடி அடைத்த கம்பிக்கு நெகட்டிவில். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த மெஷின் என்றைக்கும் கேஸ் இல்லாத மெஷின்தான். நான் இரண்டாவதாக வாங்கப் போனபோது, படத்தில் மிக் டார்ச் இருந்த ஒரு மெஷினுக்குப் பின்னால் கேஸ் முனையே இல்லை. கடைக்காரரிடம் காட்டினேன். "நிறையப் பேர் கேக்கறதில்ல சார்" என்றார்.

அட்டவணையில் என்ன பார்ப்பது

முதலில் குறைந்தபட்ச ஆம்பியர். 30 அல்லது அதற்கும் கீழே என்றால் நல்லது. 50-இல்தான் தொடங்கும் என்றால் வைத்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது கம்பி. தகட்டு வேலைக்கு 0.6 மி.மீ. கம்பிதான் தோது, 30 ஆம்பியரில்கூட எரியும். 0.8 மி.மீ. கம்பி ஒழுங்காக எரிய 40-க்கு மேல் கேட்கும். நம் ஊர்க் கடைகளில் சட்டென்று கிடைப்பது 0.8 தான், 0.6-ஐத் தேடி அலைய வேண்டியிருக்கும். நான் முதல் சில மாதம் 0.8-இலேயே அடித்தேன், விசையைச் சட்டென்று விட்டு விட்டு. முடியாதது இல்லை; 0.6-க்கு மாறிய அன்றுதான் ஏன் இவ்வளவு நாள் கஷ்டப்பட்டோம் என்று இருந்தது. கம்பியைத் தள்ளும் உருளையில் 0.6-க்கான பள்ளம் இருக்கிறதா, டார்ச் முனையில் அதே அளவு டிப் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கம்பியின் தரம் இ.ஆர். 70 எஸ்-6 என்று எழுதியிருக்கும், செம்புப் பூச்சோடு மின்னும். உறை பிரித்துப் போட்டால் கடலோர ஊர்களில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி டார்ச்சுக்குள் சிக்கும். மாதம் ஒரு நாள் அடிக்கிறவருக்கு 15 கிலோ சுருள் எதற்கு? சின்னச் சுருளே போதும்.

வோல்டேஜுக்கு ஒரு திருகு, கம்பி வேகத்துக்கு ஒரு திருகு என்று இரண்டும் தனித்தனியாக இருப்பது நல்லது. கனத்தைச் சொன்னால் இரண்டையும் தானே பொருத்திக்கொள்ளும் மெஷின்களும் வருகின்றன. அவற்றையும் குறை சொல்ல மாட்டேன். கைமுறையாக மாற்ற வழி இருந்தால் சரி.

டியூட்டி சைக்கிள் என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். 60 என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த ஆம்பியரில் அடிக்கலாம், நான்கு நிமிடம் ஆற விட வேண்டும். எந்த வெப்பநிலையில் அளந்தது என்பதையும் பாருங்கள்: 40 டிகிரியில் என்றால் நம்பலாம், 20 டிகிரியில் என்றால் சித்திரை மாத மதியத்தில் அந்தக் கணக்கு நிற்காது. ஆனால் தகட்டு வேலையில் ஒரு நொடி அடித்து ஐந்து நொடி பார்த்துக்கொண்டிருப்போம். இந்த எண் நம்மைக் கடிக்கப் போவதில்லை.

வீட்டு மின்சாரம் தாங்குமா

முதலில் ஒரு சொல் குழப்பம். கடையில் 'இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்' என்பார்கள். கரண்ட் போனால் ஃபேன் ஓட்டும் இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. என் சித்தப்பா, "அப்போ கரண்ட் இல்லாதப்பவும் வெல்டிங் அடிக்கலாமாடா?" என்று ஆசையாகக் கேட்டார். முடியாது. உள்ளே மின்சாரத்தை அதிவேகமாக வெட்டி மாற்றும் சர்க்யூட் இருப்பதால் அந்தப் பெயர். பழைய காலத்து மெஷின்களில் இருக்கும் பெரிய செம்பு டிரான்ஸ்ஃபார்மர் இதில் வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு கையால் தூக்க முடிகிறது.

இப்போது கணக்கு. மிக்கில் 60 ஆம்பியரில் அடிக்கும்போது ஆர்க்கின், அதாவது கம்பி நுனியில் எரியும் மின்பொறியின், வோல்டேஜ் சுமார் 17. பெருக்கினால் 1,020 வாட். மெஷினுக்குள் வீணாகும் சூட்டையும் மற்ற இழப்புகளையும் சேர்த்தால் 230 வோல்ட் சுவிட்சிலிருந்து சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். கீசர் இழுப்பதற்குப் பக்கத்தில் வரும், அவ்வளவுதான். 16 ஆம்பியர் பிளக் தாராளமாகத் தாங்கும். அதே மெஷின் உண்மையிலேயே 200 ஆம்பியர் கொடுக்க வேண்டுமானால் சுவிட்சிலிருந்து 35-க்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும், வீட்டு எம்.சி.பி. விழுந்துவிடும். அந்த 200-ஐ உங்கள் வீட்டில் நீங்கள் ஒரு நாளும் பார்க்கப் போவதில்லை, அதற்காகக் கூடுதல் காசு மட்டும் கொடுக்கிறீர்கள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டுமானால் 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் எலக்ட்ரீஷியனைச் செய்து தரச் சொல்லுங்கள். மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கும். மெஷின் இருமுவது போல அடிக்கும், நீங்கள் கம்பியைக் குறை சொல்வீர்கள். சுற்றி வைத்த நிலையில் பயன்படுத்தாமல் முழுக்க விரித்துப் போடுங்கள். அந்த பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று அதே எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஓட்டை இருப்பதால் அதற்குள் எர்த் இருக்கும் என்று நம்பக் கூடாது.

வாயு

சுத்தமான கார்பன் டை ஆக்சைடு மலிவு. ஆழமாக உருக்கும், பொறி கொஞ்சம் தெறிக்கும். ஆர்கான் 80, கார்பன் டை ஆக்சைடு 20 என்ற கலவை விலை கூடுதல். ஆர்க் சாந்தமாக எரியும், தகட்டுக்கு அதுதான் சுகம். பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதில் தொடங்குங்கள். சிலிண்டரை நிறுத்தியே வையுங்கள், சங்கிலி போட்டுச் சுவரில் கட்டுங்கள். ரெகுலேட்டரில் நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர் போதும்.

இதில் நான் கண்டுபிடித்த ஒரு கொடுமையைச் சொல்ல வேண்டும். ஒரு மே மாதம், வியர்வை தாங்காமல் டேபிள் ஃபேனைப் போட்டுக்கொண்டு அடித்தேன். அடித்த இடமெல்லாம் ஆப்பம் மாதிரி பொடிப்பொடித் துளை. கம்பியை மாற்றினேன், வேகத்தை மாற்றினேன், கேஸ் தீர்ந்துவிட்டதோ என்று சிலிண்டரைத் தட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் கண்ணில் பட்டது. குடையாகப் பிடித்த வாயுவை அது ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. புகை வெளியேறத் திறந்த இடம் வேண்டும். டார்ச் வாய்க்கு நேரே மட்டும் காற்று வரக் கூடாது. வியர்க்கத்தான் வேண்டும்.

பழகுவது

காரில் கை வைப்பதற்கு முன் அதே கனத் தகட்டில் பழகுங்கள். சென்னைக்காரர் என்றால் புதுப்பேட்டையில் பழைய கதவு ஒன்றை எடை போட்டு வாங்கலாம். மற்ற ஊர்களில் டிங்கர் பட்டறை வாசலில் கிடக்கும் நசுங்கிய பானட்டே போதும், கேட்டால் கொடுப்பார்கள். அதைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி ஒட்டுவதுதான் பாடம்.

கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போட்டு பெயிண்டையும் துருவையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுங்கள். வெல்டிங் கற்கப் போன எனக்கு முக்கால்வாசி நேரம் நாலு இஞ்ச் கிரைண்டரோடுதான் கழிந்தது. மெஷினிலிருந்து வரும் இன்னொரு வயரின் முனையில் இருக்கும் எர்த் கிளாம்ப்பை அடிக்கும் இடத்துக்கு மிகப் பக்கத்தில், சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். டார்ச் டிப்பிலிருந்து கம்பி ஒரு விரல் அகலத்துக்குமேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிறகு காதைத் தீட்டுங்கள். கம்பி வேகமும் வோல்டேஜும் பொருந்தினால், காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரே சீராகச் சடசடவென்று கேட்கும். பட், பட் என்று விட்டு விட்டுக் கேட்டு, கம்பி டார்ச்சைப் பின்னால் உந்தினால் வேகம் அதிகம். புஸ்ஸென்று கம்பி நுனியில் உருண்டை கட்டினால் வேகம் குறைவு. கண் பிறகுதான் கற்கும், காது முதல் நாளே கற்றுவிடும்.

ஒரே இழுப்பாகக் கோடு போடாதீர்கள். ஒரு பொட்டு இந்த முனையில், அடுத்தது அந்த முனையில், மூன்றாவது நடுவில், பிறகு இடைவெளிகளில். தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு அடுத்த பொட்டு. பக்கத்துத் தெரு மேஸ்திரி என் முதல் துண்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தையல் மெஷின் இல்ல. பூ கட்டற மாதிரி ஒவ்வொண்ணா வை" என்றார். அவசரப்பட்டுத் தொடர்ந்து அடித்த அந்தத் துண்டு வெயிலில் காய்ந்த வாழைச்சருகு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. இடைவெளி பெரிதாக இருந்தால் தகட்டுக்குப் பின்னால் ஒரு செம்புப் பட்டையை வைத்துக்கொள்ளலாம். செம்பில் இரும்பு ஒட்டாது, சூட்டையும் அது வாங்கிக்கொள்ளும்.

கண், தீ, மின்சாரம்

மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஹெல்மெட் வாங்குங்கள். பச்சைக் கண்ணாடி வைத்த கைப்பலகை மலிவு; ஆனால் ஒரு கை அதற்கே போய்விடும், ஆர்க் பிடிக்கும் வரை எதுவும் தெரியாது. தானாக இருளும் ஹெல்மெட் என்றால் டார்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்தலாம். இருள் அளவை 10-லோ 11-லோ வையுங்கள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு 'ஒரே ஒரு பொட்டுதானே' என்று அடித்தால், ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரியும். பட்டறைகளில் உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். குளிர்ச்சியாக இருக்கும், வைத்தியம் இல்லை. கண் மருத்துவரைப் பாருங்கள். அதே ஒளி கையையும் கழுத்தையும் வெயிலில் காய்ந்தது போலக் கருக்கும். முழுக்கை பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய செருப்பு. பாலியஸ்டர் லுங்கியில் பொறி விழுந்தால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், இல்லையென்றால் ஆல்டர்னேட்டரும் எலக்ட்ரானிக் பெட்டிகளும் பாதிக்கப்படலாம். கார்ப்பெட், சீட், ஒலியடக்கும் தார் ஷீட் எல்லாம் வெளியே. அடியில் படுத்துப் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எந்த வழியில் ஓடுகின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். டேங்குக்குப் பக்கத்தில் வேலை என்றால் டேங்கைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகாமல் தொடங்கவே கூடாது. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, அதற்குள் இருப்பது ஆவி. ஒரு வாளித் தண்ணீர், ஈரச் சாக்கு, தீயணைப்பான், உள்ளே புகைகிறதா என்று பார்க்க இன்னொரு ஆள். அடித்து முடித்த பிறகும் அரை மணி நேரம் காரை விட்டு நகராதீர்கள்; தகட்டுக்குப் பின்னால் கனன்றுகொண்டிருக்கும் தார், நீங்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துத்தான் பற்றும். துத்தநாகம் பூசிய தகடு என்றால் பூச்சை முதலில் தேய்த்து எடுங்கள். அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிர் காய்ச்சல் வரும்.

நல்ல மெஷின் கையில் இருந்தாலும் தொடக்கக்காரர் தொடக் கூடாத இடங்கள் உண்டு: சீட் பெல்ட் மாட்டும் இடம், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்கள், அவை பொருந்தும் பாடித் தூண்கள். புதிய கார்களின் தூண்களில் அதிவலு எஃகு வைக்கிறார்கள். வெல்டிங் சூடு பட்டால் அதன் வலு போய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது. தரைத் தகட்டுத் துருவே சேசிஸ் பெட்டிக்குள் பரவியிருந்தாலும் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். நான் அன்று முதலில் செய்ததே அந்தப் பெட்டியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்ததுதான். கணீரென்று கேட்டது, மொத்தென்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

என் தரைத் தகடு முடிய நான்கு ஞாயிறு ஆனது. அடித்த இடம் பார்க்க அழகாக இல்லை, பருக்கள் மாதிரி இருந்தது. கிரைண்டர் அதைச் சரிசெய்தது. இருபக்கமும் பிரைமர், ஓரங்களில் சீலர், அடியில் அண்டர்கோட்டிங். கார்ப்பெட்டைத் திரும்பப் போடுவதற்கு முன் மகளை விட்டு முன் கண்ணாடி மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். நான் டார்ச் லைட்டோடு உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்திருந்தேன். கண்ணாடியின் ரப்பர் பீடிங் மூலையில் ஒரு வெடிப்பு. அங்கிருந்து ஒரு நூல் போலத் தண்ணீர் இறங்கி, புதுத் தகட்டின் நடுவில் சொட்டியது. கார்ப்பெட்டை மடித்து வைத்துவிட்டு பீடிங் வாங்கக் கிளம்பினேன்.